தப்பான விடை சொல்ல ஒரு பிள்ளை

கைதட்டு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்ற ஒருத்தியின் கதை இது. திட்டு வாங்கித் தலைகுனிந்தவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேராவது கிடைப்பார்கள். பாராட்டு வாங்கிக் கூனிக்குறுகிப் போனவளுக்கு யார் ஆறுதல் சொல்வது?

வீட்டில் அவளைச் சின்னு என்று கூப்பிடுவார்கள். வீடு என்றால் அவளும் அவள் அக்காவும்தான். பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் நின்றவள் அக்கா. அவள் பஸ்ஸில் கண்டக்டர். பகல் முழுக்க "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்திவிட்டு வருவதால் வீட்டுக்குள்ளும் அவள் குரல் இறங்காது. உப்பு எடுத்து வை என்று சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவர் எடுத்து வைப்பார்.

சின்னு டீச்சராக வேண்டும் என்ற ஆசை சின்னுவைவிட அக்காவுக்குத்தான் அதிகம்.

"நம்ம வீட்ல ஒருத்தியாவது, பார்த்தவுடனே எந்திரிச்சு வணக்கம் சொல்ற வேலைக்குப் போகணும்டி. என்னைப் பார்த்தா உக்காந்திருக்கிறவன்லாம் தூங்குற மாதிரில்ல நடிக்கிறான்!"

சின்னு அதற்குமுன் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். பயிற்சிக் கல்லூரி மாணவிகள் வருஷா வருஷம் அந்தக் கடைக்குத்தான் பாடத்திட்டம் நகலெடுக்க வருவார்கள். மெஷினின் பச்சை வெளிச்சத்தில் ஓடிய அந்தக் கட்டம் போட்ட பக்கங்களைப் பார்த்துப் பார்த்து, 'இதென்ன பிரமாதம், நாமும் எழுதிவிடலாம்' என்று நினைத்துத்தான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கல்யாணச் சாப்பாடு பரிமாறுவது வேறு, சமைப்பது வேறு என்று.

பாடத்திட்டம் என்பது, ஒரு பாடத்தை நடத்துவதற்கு முன்பே அது எப்படி நடக்கப்போகிறது என்று எழுதிக் காட்டுவது. ஒரு கட்டத்தில் நோக்கம். ஒரு கட்டத்தில் கொண்டுபோகும் பொருள்கள். அதன்பிறகு பக்கம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் டீச்சர் கேட்கும் கேள்வி. வலது பக்கம் பிள்ளைகள் சொல்லும் பதில். அந்தப் பதிலையும் டீச்சர்தான் முன்கூட்டியே எழுத வேண்டும். கையைத் தூக்காத பிள்ளைக்கும், இன்னும் வாயைத் திறக்காத பிள்ளைக்கும் சேர்த்து இவளே பதில் சொல்லி வைக்க வேண்டும்.

இதைத் திருத்துகிற விரிவுரையாளருக்கு மாணவிகள் வைத்த பெயர் 'கட்டம் மேடம்'. கட்டத்தைத் தாண்டி ஒரு எழுத்து போனாலும் சிவப்பு மையால் கோடு இழுத்துவிடுவார். சின்னுவின் முதல் பாடத்திட்டம் திரும்பி வந்தபோது அதில் நீல மையைவிடச் சிவப்பு மைதான் அதிகம் இருந்தது.

விடுவாளா? வேலை முடிந்து வந்த அக்காவைக் காக்கிச் சட்டையோடு தரையில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"மாணவர்களே, நமக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?"

"லாரியிலேர்ந்து."

"அக்கா! மழைன்னு சொல்லு."

"மழை எங்கடி பெய்யுது? லாரி வந்தாத்தான் தண்ணி. குடத்தைத் தூக்கிட்டு ஓடினது நானு, மழைன்னு சொல்றது நீயா?"

"நோட்டுல மழைன்னுதான் எழுதியிருக்கேன்."

"அப்போ நோட்டுக்கே பாடம் நடத்து. எனக்குப் பசிக்குது."

அக்கா விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் பயிற்சிக்காகப் பாடம் நடத்தப் போன பள்ளிக்கூடத்தில் அதுவேதான் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னுவின் வலது பக்கக் கட்டத்தைப் படித்துவிட்டா வந்திருந்தார்கள்? ஒன்று கேட்டால் ஒன்பது சொன்னார்கள். ஒன்பதில் ஒன்றுகூட நோட்டில் இல்லை. நோட்டில் இருக்கும் பதில் வரட்டும் என்று அவள் காத்துக்கொண்டே நின்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பாசிரியை சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே, "பழகிடும்மா" என்றார். அந்தப் பரிவே சின்னுவுக்குச் சாட்டையடியாக இருந்தது.

இப்படித் தட்டுத்தடுமாறிக் கடைசிப் பாடம் வரை வந்துவிட்டாள். அதுதான் மதிப்பெண் போடும் பாடம். வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அதில் தேறினால்தான் சான்றிதழ். ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்ற கேள்வி. அவள் எழுதிக் கொடுத்த திட்டத்தைக் கட்டம் மேடம் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"உன் வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் சரியாவே சொல்வாங்களா?"

"நல்லாப் படிக்கிற பிள்ளைங்க மேடம்."

"தப்பான விடை எங்கே? அதை நீ எப்படித் திருத்துவேன்னு எழுதவே இல்லையே? வர்றவங்க அதைத்தாம்மா பார்ப்பாங்க. அதுக்குத் தனி மார்க் இருக்கு."

சின்னு உட்கார்ந்து எழுதினாள். வலது பக்கம்: 'மாணவர் ஒருவர்: நான்கில் ஒன்றே பெரியது.' இடது பக்கம்: 'ஆசிரியர் மாணவரின் தோளில் கை வைத்து, சமநீளமுள்ள இரண்டு காகித நாடாக்களைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லி, உண்மையை உணரச் செய்கிறார்.' சிவப்பு மையில் ஒரு 'நன்று' விழுந்தது. அவள் வாங்கிய முதல் நன்று.

ஆனால் யாரும் தப்பாகச் சொல்லாவிட்டால்? வகுப்பாசிரியை பின்னத்தைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்கெனவே நன்றாக ஏற்றியிருந்தார். உடன் படிப்பவள் ஒருத்தி, எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பதால் 'லீடர்' என்று பெயர் வாங்கியவள், சிரித்தாள்.

"விதை போட்டுடு."

மதிப்பெண் பாடத்துக்கு முந்தின நாளே சில பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு விடையைச் சொல்லிக்கொடுத்து வைப்பதற்கு மாணவிகளுக்குள் வழங்கிய பெயர் அது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் போடாதவளும் இல்லை.

"சரியான விடைக்குத்தானேடி விதை போடுவாங்க? எனக்குத் தப்பான விடையில்ல வேணும்!"

"தப்புக்கும் போடு. விளைஞ்சா சரி."

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதால் 'ஜன்னல்' என்று அழைக்கப்பட்டவன். தப்புச் சொல்ல இவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? சின்னு அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் கேட்டா நீ நாலுல ஒண்ணு பெருசுன்னு சொல்லணும். சரியா?"

"சரி எது டீச்சர்?"

"அது உனக்கெதுக்கு?"

"சரி எதுன்னு தெரிஞ்சாத்தானே டீச்சர் தப்பாச் சொல்ல முடியும்?"

சொன்னாள். அவ்வளவுதான். அதன்பிறகு எத்தனை தடவை கேட்டாலும் பையன் மூன்றில் ஒன்று என்றே சொன்னான். பிறந்ததிலிருந்து வராத சரியான விடை அன்றைக்குப் பார்த்து அவன் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, சரியான விடையை இவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் அவள் கண் 'புதுசு' மேல் விழுந்தது. அந்த வருஷம் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த பெண். ஒல்லியாக, வாரிப் பின்னிய இரட்டைச் சடையோடு, சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளை. கணக்கில் புலி. சின்னு தன் மனசாட்சிக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள்: படிக்காத பிள்ளையைத் தப்புச் சொல்லவைத்தால் பாவம், அது நொந்துபோகும். படிக்கிற பிள்ளைக்கு என்ன? யானை வாயிலிருந்து ஒரு கவளம் சிந்தினால் யானைக்குக் குறைந்தா போகும்?

"தப்புன்னு தெரிஞ்சே சொல்லணுமா டீச்சர்?"

"நாடகம் மாதிரிதாம்மா. டீச்சருக்காக."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதா?"

"கூடாது. அம்மாகிட்டகூட."

பிள்ளை சற்று யோசித்தது. பிறகு தலையை ஆட்டியது. "சரி டீச்சர்."

மறுநாள் வகுப்பின் பின்பக்கம் மூன்று நாற்காலிகள். கட்டம் மேடம், வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பள்ளியின் தலைமையாசிரியை. சின்னு கேள்வியைக் கேட்டாள். புதுசு எழுந்தாள். விரலை மடக்கினாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"நாலுல ஒண்ணுதான் டீச்சர் பெருசு. மூணைவிட நாலு பெருசுல்ல?"

இரண்டாவது வாக்கியத்தைச் சின்னு சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பே கொல்லென்று சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். பிள்ளையின் காது மடல் சிவந்ததைச் சின்னு பார்த்தாள். பார்த்துக்கொண்டே, திட்டத்தில் எழுதியிருந்தபடி, தோளில் கை வைத்தாள். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. நாடாக்களைக் கொடுத்தாள். பிள்ளை மடித்தது, அளந்தது, "ஓ!" என்றது. ஜன்னல் எழுந்து சரியான விடையைச் சொல்லிக் காரணமும் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"தப்புச் சொன்ன பிள்ளையை நீங்க கையாண்ட பொறுமை இருக்கே, அது ஒண்ணே போதும்மா!" என்றார் தேர்வாளர்.

தலைமையாசிரியை மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் புதுசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வகுப்பாசிரியையின் காதில் ஏதோ கேட்டார்.

அன்றைக்கு மத்தியானமே புதுசின் பட்டப்பெயர் மாறிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏய் நாலு பெருசு! உனக்கு மிட்டாய்ல பாதி வேணுமா, நாலுல ஒண்ணு வேணுமா?"

"நாலுல ஒண்ணு குடுடா, அவளுக்கு அதுதான் பெருசு!"

புதுசு கூட்டத்துக்கு நடுவிலிருந்து சின்னுவைத் தேடிப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். நமக்குள்தானே டீச்சர் இது, என்கிற சிரிப்பு. சின்னு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். ஐயோ, அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரிக்கக்கூட அவளுக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்றே!

அதோடு போயிருந்தால் காலம் ஆற்றியிருக்கும். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு பெண்மணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்கள் போடும் வெள்ளைக் கோட்டோடு, கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். புதுசின் அம்மா.

"ட்ரெயினிங் டீச்சர் நீங்கதானா? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

தெரிந்துவிட்டது என்று சின்னு நினைத்தாள்.

"பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டி நடக்குதாமே, அதுக்கு வகுப்பு டீச்சர் எம்பொண்ணு பேரைத்தான் குடுத்திருந்தாங்க. பெரிய டீச்சர் வேண்டாம்னுட்டாங்களாம். 'மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு தெரியாத பொண்ணையா அனுப்புறது, எங்கண்ணால பார்த்தேனே'ன்னாங்களாம். அந்தப் போட்டிக்காக விடிஞ்சதும் எந்திரிச்சுக் கணக்குப் போட்ட பொண்ணு டீச்சர்! எனக்குன்னா கோபம். அடிச்சுட்டேன். ஏண்டி தெரியாமப்போச்சு, ஏண்டின்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். வாயே திறக்கலை. சுவர்ல சாஞ்சுக்கிட்டு நிக்குறா. புது ஸ்கூலுக்கு வந்து மூளை மழுங்கிடுச்சா, என்னன்னே புரியலை."

சின்னுவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஊரே சிரிச்சப்போ நீங்க ஒருத்தர்தான் தோள்ல கை வச்சுச் சொல்லிக் குடுத்தீங்களாமே. வகுப்பு டீச்சர் சொன்னாங்க. நீங்க மகராசியா இருக்கணும். சாயந்திரம் கொஞ்ச நேரம் அவளை உக்காரவச்சு, அந்தப் பொறுமையோட சொல்லிக் குடுப்பீங்களா டீச்சர்?" என்று சொல்லி, அந்தத் தாய் சின்னுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று சின்னு நினைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. நாக்கு எழுந்தது. சான்றிதழும், அக்காவின் காக்கிச் சட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பார்க்கலாம்மா" என்றாள்.

தப்பு செய்ததைவிட அந்த ஒற்றை வார்த்தைக்குத்தான் அவள் பின்னாளில் அதிகம் வெட்கப்பட்டாள்.

அன்று சாயந்திரம் அக்கா குதித்துக்கொண்டு வந்தாள். "டிரைவரண்ணன்கிட்ட சொல்லிட்டேன்டி, எந்தங்கச்சிக்கு வெளியூர்லேர்ந்து வந்தவரே கைதட்டினாருன்னு. பஸ்ஸுல பாதிப் பேருக்குத் தெரிஞ்சுபோச்சு!"

சின்னு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் குரல் இறங்கியது. சின்னு பார்த்ததிலேயே முதல் முறையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

"பிள்ளைங்கதானேடி. மறந்துடும். நாலு நாள் போனா வேற யாருக்காவது பட்டப்பேர் வச்சிடுவாங்க. மார்க் போட்டாச்சுல்ல? விட்டுடு."

இதைத்தான் அக்கா சொல்ல வேண்டும் என்று சின்னு உள்ளுக்குள் ஏங்கியிருந்தாள். சொல்லிவிட்டாள். கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. தன் ஆசை இன்னொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

மறுநாள் காலையில் அவள் நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். மற்ற மாணவிகளின் பாடத்தைப் பார்க்க வந்திருந்த கட்டம் மேடமும் அங்கே இருந்தார். நின்றபடியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

கட்டம் மேடம் பேனாவை மூடினார்.

"விதை போடுறதுன்னு நீங்க சொல்றது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எங்க காலத்துலயும் அது இருந்துச்சு. எல்லாரும் சரியான விடைக்குத்தாம்மா போட்டோம். சிரிப்பு வாங்குறதுக்குன்னு ஒரு பிள்ளையைப் பொறுக்கி நிறுத்தினவ நீ ஒருத்திதான்." பிறகு, "இந்தப் பாடம் செல்லாது. அடுத்த பருவத்துல திரும்ப வா" என்றார்.

தலைமையாசிரியை ஏற்கெனவே போனை எடுத்திருந்தார். போட்டி நடத்துபவர்களிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார். பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. போனை வைத்தவர் சின்னுவைப் பார்க்காமல், "கண்ணால பார்த்ததை நம்பினேன்" என்று மட்டும் சொன்னார்.

"வகுப்புல நானே சொல்லிடுறேன் மேடம். சிரிச்சது அவங்கதானே."

ஐந்தாம் வகுப்பின் முன்னால் நின்று சொன்னாள். புதுசுக்கு விடை தெரியும், தப்பாகச் சொல்லச் சொன்னது நான்தான், யாரிடமும் சொல்லாதே என்றதும் நான்தான் என்றாள். புதுசைக் கேலி செய்த பிள்ளைகள் பெஞ்சைப் பார்த்தார்கள். அதோடு முடிந்தது என்று அவள் மூச்சு விட்ட நேரம், ஜன்னல் எழுந்தான்.

"அப்போ எனக்குக் கைதட்டினதும் பொய்யா டீச்சர்?"

ஒரு பிள்ளையின் மானத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், இன்னொரு பிள்ளையின் மகிழ்ச்சியைப் பிடுங்கிவிட்டாளே! அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவையே சுற்றி வந்தாராம்.

"அந்தக் காரணத்தை நான் சொல்லித் தரலையேப்பா. மூணாப் பிரிச்சா துண்டு பெருசா இருக்கும்னு நீயாத்தானே சொன்னே?" என்றாள். அது உண்மைதான். ஆனால் அவன் நம்பவில்லை. உட்கார்ந்து வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பள்ளி விட்டதும் மருந்துக்கடைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டுப் பெண்மணி ஒரு வயதானவருக்கு மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சின்னுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க டீச்சர்! சொல்லிக் குடுக்க வந்தீங்களா?"

சின்னு சொல்லி முடித்தபோது அந்த மலர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கத்தவில்லை, வையவும் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

"உங்க மார்க்கை அடிச்சுட்டாங்க, சரி. எம்பொண்ணு பேரையும் சேர்த்துட்டாங்க, சரி. அடிச்ச இந்தக் கையை நான் என்ன பண்றது டீச்சர்?"

சின்னு அங்கே நின்று அழுதாள். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

கடைக்கு உள்ளே, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த புதுசு எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். இனிமேல் பேசலாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததை அவசரமாகக் கேட்டாள்.

"டீச்சர், அன்னிக்கு நான் நல்லாச் சொன்னேனா? 'மூணைவிட நாலு பெருசுல்ல?'ன்னு நானாத்தான் சேர்த்துச் சொன்னேன். அப்போதானே நிஜம் மாதிரி இருக்கும்?"

கைதட்டு ஜன்னலுக்குப் போயிற்று. பாராட்டு சின்னுவுக்குப் போயிற்று. அன்றைய வகுப்பில் மிக நன்றாகச் செய்த பிள்ளைக்குச் சிரிப்பும் அடியும் மட்டும் கிடைத்திருந்தன. அது தன் பங்குக்கு ஒரு வார்த்தை கேட்டு நின்றது.

"நீ ரொம்ப நல்லாச் சொன்னேம்மா" என்றாள் சின்னு. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புதுசு முகமெல்லாம் சிரித்தாள்.